வயிறு உரசாத வழி

நான் சொல்லப்போகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். குமரகோட்டத்து முருகன் எதிரில் சூடத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன். கை கொஞ்சம் பொசுங்கியிருக்கிறது, பாருங்கள். பட்டு நெய்கிறவன் சாமானியத்தில் கையைச் சுட்டுக்கொள்ள மாட்டான். தோல் சொரசொரப்பானால் இழை பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவன் கையைச் சுட்டுக்கொண்டு வந்து சொல்கிறான் என்றால் நம்பலாம். ஒரு வாய் காபி கிடைக்குமா ஐயா? இல்லையென்றால் பரவாயில்லை.

என் பெயர் கண்ணாயிரம். செவிலிமேட்டுக்குப் போகிற பெரிய ரோட்டில் இடதுபக்கம் திரும்பினால் ஒரு சித்தேரி. அதன் கரைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் எங்கள் தெரு. ஏரியைவிடப் பள்ளத்தில் இருக்கிற தெரு. வீட்டுக்கு வீடு தறி. என்னைப் பற்றித் தெருவில் விசாரித்திருப்பீர்கள். கண்ணாயிரம் பத்து சொன்னால் ஒன்று தேறும் என்று சொல்லியிருப்பார்கள். நான் ஒரு தடவை ஒரு புடவை நெய்தேன். அவ்வளவு மெல்லிசு. மடித்து வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். ஞாபகமறதியாகச் சுண்ணாம்பு தடவி வாயில் போட்டு மென்றுவிட்டேன். ஜரிகைதான் பல்லில் மாட்டிக்கொண்டது. இதைச் சொன்னால் தெருவில் சிரிக்கிறார்கள். அது கிடக்கட்டும். இன்றைக்குப் புடவை விஷயம் இல்லை, கார் விஷயம்.

என் மகன் ராஜகோபால் பட்டணத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவனுடைய துரை சீமைக்குத் திரும்பும்போது தன் காரை இவனிடம் தள்ளிவிட்டுப் போனார். சிவப்பு. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. பந்தயத்தில் ஓடுகிற ஜாதி. தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவே என் கையால் நாலு விரல்கடை. அது போகிற தெருவில் கோழிகள் ஒதுங்குவதில்லை, தாண்டிக் குதித்துவிடும். ஒரு சேவல் காருக்குள்ளேயே இறங்கிவிட்டது, மயிலாப்பூர் வரைக்கும் உட்கார்ந்து போனது என்று ராஜகோபாலே சொன்னான்.

போன வருஷம், அறுபத்தெட்டு, கார்த்திகை மாதத்தில் பட்டணம் போய் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் மேலிருந்து இல்லை. அவன் வீட்டு வாசலில் ரோட்டிலேயே குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து அடிவயிற்றைப் பார்த்தேன். பட்டுப் புடவையைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தால்தான் நெசவு தெரியும். காரும் அப்படித்தானே இருக்க வேண்டும்.

"நைனா, இன்னா பண்ற நீ? எழுந்திரு. எதுத்த வூட்டு மாடியிலேருந்து பாக்கறாங்க."

"பாக்கட்டும்டா. கீழ தொட்டி மாரி ஒண்ணு தொங்குதே, அது இன்னா?"

"அதான் ஆயில் தொட்டி. என்ஜினுக்கு வேண்டிய ஆயில் பூரா அதுக்குள்ளதான் இருக்குது. அலுமினியம். ஒரு கல்லு தட்டுச்சுன்னா ஒடைஞ்சிடும். ஆயில் கொட்டிடுச்சுன்னா என்ஜின் அப்பிடியே பிடிச்சிக்கும். அப்பறம் எடைக்குத்தான் போடணும்."

"கெட்டியா பண்ணியிருக்கக் கூடாதா?"

"அவன் ஊர்ல ரோடு கண்ணாடி மாரி இருக்கும். அவன் கல்ல எங்க கண்டான்? எழுந்திரு நைனா, ஒம் மேலெல்லாம் மண்ணு."

எழுந்தேன். வேட்டியைத் தட்டிக்கொண்டே கேட்டேன். "ஒங்கம்மா கேட்டுக்கினே இருக்கறா. எப்பதான் வர?"

அவன் கைக்குட்டையால் காரின் நெற்றியைத் துடைத்தான். "சித்தேரிக் கரை இருக்குதே நைனா. அதும்மேல ஏறுனா நடுவயிறு கரையில ஒக்காந்துக்கும். முன்சக்கரமும் அந்தரம், பின்சக்கரமும் அந்தரம். தொட்டி காலி. வழி ஒழுங்கா இருந்தா நான் வரமாட்டனா?"

வழி ஒழுங்காக இருந்தால் வரமாட்டேனா. அவன் கேட்டது இந்த வார்த்தைகள்தான். வேலைக்குப் போன புதிதில் இரண்டு பொங்கலுக்கு வந்தான். அப்புறம் நாலு வருஷமாக வரவில்லை. ஏன் வரவில்லை என்று அதுவரைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் வீட்டு நாற்றமா, அவன் சிநேகிதர்களுக்கு முன்னால் என் வாயா என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் காரணம் நாலு விரல்கடையும் கொஞ்சம் மண்ணும். மனசிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது ஐயா. மனசில் இருக்கிற கோளாறென்றால் நான் என்ன செய்ய முடியும். மண்ணில் இருக்கிற கோளாறைக் கையால் சரிசெய்துவிடலாம்.

லோகாம்பாளிடம் சொன்னேன். அவள் என் மனைவி. ராட்டையை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள். "அப்ப நம்ம மேல கோவம் இல்லியா அவனுக்கு?" என்றாள். "இல்லைமே, கரை மேலதான் கோவம்" என்றேன். அன்றைக்கு அவள் இரண்டு வாய் சோறு கூடச் சாப்பிட்டாள்.

முதலில் தொட்டிக்கு ஒரு கவசம் வேண்டும் என்று கருமான் கலியனிடம் போனேன். இரும்புத் தகடு அடித்து அடியில் மாட்டிவிடலாமே என்பது என் யோசனை. கலியன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நாலு வெரக்கடைதான் இருக்குதுங்கற. நான் தகடு போட்டா அது ரெண்டு வெரக்கடை கீழ எறங்கும். மிச்சம் ரெண்டு. அப்பறம் கல்லுக்குப் பதிலா என் தகடே இடிக்கும். ஏன்ணா, காரத் தூக்கித் தோள்ல வெச்சிக்கினு வரச் சொல்லேன் ஒம் புள்ளைய?"

கனமில்லாமல் கெட்டியாக இருக்க வேண்டும். மெல்லிசாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரு சாமான் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அதைத்தான் நான் பத்து வயசிலிருந்து நெய்கிறேன். மார்கழி முழுக்க உட்கார்ந்து நெய்தேன். எட்டு இழை முறுக்கி ஒரே இழையாக்கி, குறுக்கே ஓடும் ஊடையை மூன்று மடங்கு அடித்து, புளியங்கொட்டைக் கஞ்சியில் முக்கி வெயிலில் விறைக்க வைத்தேன். நடுவில் ஆயில் தொட்டிக்கு ஒரு குழிவு. நாலு மூலையிலும் கட்டுவதற்குக் கயிறு. லோகாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நெய்யற?"

"காருக்கு."

"காருக்குக் கோவணமா?" அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "கரை போட்டு நெய்யி. நாளைக்கு நாலு கார் பாத்தா மானம் போயிடப் போவுது."

நானும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கரை போட்டேன். அதன்மேல் பார வண்டியை ஏற்றிப் பரீட்சை பார்த்தேன். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டைதான் நெளிந்தது. தை மாதம் அதைச் சுருட்டிக்கொண்டு பட்டணம் போனேன். ராஜகோபால் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இதுக்கு மேல ஒரு கவசம் சீமையிலயும் இல்ல நைனா" என்றான். சொல்லிக்கொண்டே அதை மறுபடியும் சுருட்டினான். எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

திரும்பி வந்து வீட்டைச் சரிசெய்தேன். கோவணத்தை அவிழ்க்கவும் கட்டவும் காருக்கு அடியில் ஆள் நுழைய வேண்டும். நாலு விரல்கடைக்குள் எந்த ஆள் நுழைவான்? அதனால் கார் மேலே நிற்க வேண்டும், ஆள் குழிக்குள் நிற்க வேண்டும். குழி எங்களுக்குப் புதிதா என்ன. பிறந்ததிலிருந்து குழியில் காலைத் தொங்கவிட்டுத்தானே சாப்பிடுகிறோம். தெருப்பக்கத்து அறையில் இருந்த தறியைப் பிரித்தேன். தறிக்குழியை நீளவாக்கில் வெட்டி, கழுத்தளவு ஆழம் எடுத்தேன். தெருச் சுவரை இடித்து, கார் நுழைகிற அகலத்துக்கு இரட்டைக் கதவு போட்டேன். குழியின்மேல் பிரித்த தறியின் பலகைகளைப் பரப்பினேன். லோகாம்பாள் தினமும் அந்தப் பலகைமேல் நடந்துதான் தெருவுக்குத் தண்ணீர் பிடிக்கப் போவாள்.

"நடந்தா ஆடுதுபா. ஒரு ஆணி அடிச்சிடேன்."

"ஆணி அடிச்சிட்டா, அவன் வந்து ஹாரன் அடிக்கும்போது நான் ஆணி புடுங்கிக்கினு நிக்கணுமா?"

அவள் யோசித்துப் பார்த்து அது சரிதான் என்றாள். பிறகு பலகையின்மேல் ஒரு சின்னக் கோலம் போட ஆரம்பித்தாள்.

மிச்சம் இருந்தது கரை. சித்திரை, வைகாசி, ஆனி என்று நான் அதைத் தொடவில்லை. ஒவ்வொரு மாதமும் லோகாம்பாள் கேட்டாள். "எல்லாம் பண்ணியே, கரைய மட்டும் ஏன் வுட்டு வெச்சிருக்கற? பாவம், அவன் எப்பிடி வருவான்?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். அவள் பார்வை எப்படி என்றால், தறியில் நீட்டிக் கட்டிய பாவில் அறுந்த ஒரே ஒரு இழையை எங்கிருந்தோ கண்டுபிடிக்கிற பார்வை. அதனால் ஆடியில் மண்வெட்டியை எடுத்தேன்.

ஏரியில் அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு முழ ஆழத்துக்குக் கரையின் தலையைச் சீவினேன். இரண்டு பக்கமும் ஒரு பாவு நீளத்துக்குச் சரிவு கொடுத்து, மண்ணைத் திமிசால் இடித்து, சாணி போட்டு மெழுகினேன். அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டேன். எங்கும் தட்டாமல் நேரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. பழத்துக்கு வயிறு இன்னும் தாழ்வு, யோசித்துப் பாருங்கள்.

முனிசாமி வந்தான். ஏரியைக் காவல் பார்க்கிறவன் அவன்தான். மதகைத் திறப்பது, அடைப்பது, கரையில் எலி வளை இருந்தால் அடைப்பது எல்லாம் அவன். கீழ்ப் பக்கத்து வயல்காரக் குடும்பம். எனக்குச் சின்ன வயசிலிருந்து பழக்கம்.

"கண்ணாயிரம்ணா, கரையில போயி கை வெச்சிக்கினு இருக்கற. நல்லாருக்குதா இது?"

"ஆடித் திருவிழாவுக்கு அம்மன் வருதுப்பா. போன வருசம் கரை ஏறும்போது சாமி வண்டி சாஞ்சிது. நீதான தோள் குடுத்த?"

"அதுக்கு ஏரிக் கரையவா சீவுவாங்க? ஐப்பசிக்குள்ள மூடிடணும்ணா."

"மூடாம?"

"சத்தியமா?"

"சத்தியமா."

அவன் போய்விட்டான். என் சத்தியத்தை அவன் நம்பினான் என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆவணி அமாவாசைக்குக் கார் வந்தது. நான் கரைமேல் நின்று பார்த்தேன். தறியில் நாடா ஓடுகிற மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு மண் உதிரவில்லை. நான் குழிக்குள் இறங்கி அடிவயிற்றைத் தடவிப் பார்த்தேன். கோவணத்தில் ஒரு கீறல் இல்லை. லோகாம்பாளை அவன் தன் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"இன்னாடா இது, முறத்துல ஒக்காந்த மாரி இருக்குது. காலு எங்கடா வெக்கறது?"

"நீட்டிக்கம்மா. இது படுத்துக்கினு போற வண்டி."

ராஜ வீதி நாலையும் சுற்றிக் காட்டினான். கோயில் யானை அவளுக்கு ஆசீர்வாதம் பண்ண முழங்காலை மடித்து உட்கார வேண்டியிருந்தது. பாகனுக்குக் கோபம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்ததில் பஸ் ஒருசாய்ந்து போயிற்று. வீட்டுக்கு வந்ததும் லோகாம்பாள் காருக்கு ஆரத்தி எடுத்தாள். புரட்டாசியிலும் வந்தான். அன்றைக்கு மொச்சைக் குழம்பு. மூன்று தடவை போட்டுக்கொண்டான்.

தெருவில் யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு காரைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் பேரில் குற்றமில்லை ஐயா. தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் தலைதான் தெரியும். தலை உயரத்துக்கு எதுவும் போகவில்லையென்றால் அவனைப் பொறுத்தவரை தெருவில் எதுவும் போகவில்லை. அந்தக் கார் அவ்வளவு தாழ்வு.

புரட்டாசி கடைசியில் முனிசாமி மண்வெட்டியும் கூடையுமாகக் கரைக்கு வந்தான். நான் ஓடிப்போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டேன்.

"தீபாவளிக்கு ராஜா வரான் முனிசாமி. அவன் வந்துட்டுப் போவட்டும், அப்பறம் மூடிக்கலாம்."

"அம்மனுக்குன்னு சொன்ன?"

"அம்மனுக்கும்தான்."

அவன் மண்வெட்டியைக் கீழே ஊன்றினான். "அந்தப் பையன் மூஞ்சியப் பாத்து எத்தினி வருசமாச்சு. நானும்தான தோள்ல தூக்கிக்கினு திரிஞ்சேன். சரிணா, தீபாவளி வரைக்கும். அதுக்கப்பறம் நீ சொன்னாலும் கேக்கமாட்டேன்."

முனிசாமிக்கு மறதி அதிகம். போன அமாவாசைக்குத்தான் வந்து போனான் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் பிடித்த மழை விடவேயில்லை. பண்டிகைக்கு முதல் நாள் காலையில் லோகாம்பாள் அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். "இந்த மழையில வழி இருக்குதா?"

"இருக்குது."

"போய்ப் பாத்துட்டு வாயேன்."

குடையை எடுத்துக்கொண்டு போனேன். முனிசாமி முன்னாலேயே வந்து, மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தான். ஏரி பூராவும் நிறைந்து, நான் சீவிய இடத்துக்கு ஒரு முழம் கீழே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வேறு எங்கேயும் ஆபத்து இல்லை. கரை முழுக்க உயரமாகத்தான் இருந்தது, என் வழியைத் தவிர.

"பேசிக்கினு நிக்க நேரமில்லணா. புடி ஒரு கை."

"நீ மதகுக்குப் போப்பா" என்றேன். "ரெண்டு மதகையும் தெறந்து வுட்டா தண்ணி எறங்கிடும். இங்க அடுக்கறத நான் பாத்துக்கறேன்."

அதுவும் நியாயமான யோசனைதான். மதகு ஏரியின் அந்தக் கோடியில். திறக்க ஒரு ஆளாவது போகத்தான் வேண்டும். அவன் என்னைப் பார்த்தான், மூட்டைகளைப் பார்த்தான். "அடுக்கிடுவ இல்ல?" என்றான். "அடுக்காம?" என்றேன். தலையில் கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு கரையோடு ஓடினான்.

மூட்டைகள் என் காலடியில் இருந்தன. ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தேன். பார்த்தேன். அது ஒரு முழ உயரத்துக்கு நின்றது. எந்தக் காரின் வயிறும் அதில் மோதும். மழை விட்டதும் லோகாம்பாள் கோலம் போட வெளியே வந்து கரையைப் பார்ப்பாள். வழியை ஏன் மூடினாய் என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? மூட்டையை எடுத்துவிட்டேன்.

அப்புறம் அங்கேயே குடையோடு நின்றேன். சாயந்திரம் வரைக்கும் நின்றேன். பெரிய ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு முதலில் ஒரு இழை அளவுக்குத் தண்ணீர் தாண்டியது. சாணி மெழுகிய சரிவில் நெளியாமல் நேராக ஓடியது. பக்கத்தில் இன்னொரு இழை. அப்புறம் நாலு. அப்புறம் பாவு விரித்த மாதிரி அகலமாக. பார்க்க அழகாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போதுகூட ஆறு மூட்டை வைத்திருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் கரையே பிய்த்துக்கொண்டது.

எங்கள் தெருவில் தண்ணீர் வந்தால் முதலில் நிறைவது தறிக்குழிகள். தரை நனைவதற்கு முன்னாலேயே குழி நிறைந்து, தறியில் ஏற்றிய பாவு எல்லாம் நனைந்துவிடும். தீபாவளிக்குத் தறியிலிருந்து அறுத்து எடுக்க வேண்டிய புடவைகள் அத்தனையும் போயின. ஆனாலும் ஜனங்கள் பிழைத்தார்கள். தறிக்காரனுக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தன் வீட்டுக் குழி எங்கே என்று தெரியும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் தெருக்கோடியில் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டார்கள். லோகாம்பாளும் ஏறிவிட்டாள். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தாள். மேற்கொண்டு நடந்தது ரேணுகாம்பாள் எனக்குச் சொன்னது.

பெரிய ரோட்டில் ஏதோ லாரி மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்திருக்கிறது. விடாமல் அடித்திருக்கிறது. லோகாம்பாள் எழுந்துவிட்டாள்.

"ராஜா வந்துட்டான். கதவத் தெறக்கணும்."

"ஏண்டி, பித்தா ஒனக்கு? இந்தத் தண்ணியில எவன் வருவான்?"

"அவுரு வழி போட்டு வெச்சிருக்கறாருடி. அவன் கரை தாண்டிட்டான். கேளு, கூப்புடறான் பாரு."

கையை உதறிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி வீட்டுக்குப் போனாள். "இருடா, தெறக்கறேன்" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே போனாளாம். இரட்டைக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம். பின்வாசல் வழியாக நுழைந்து, தெருப்பக்கத்து அறையைத் தாண்டித்தான் அதைத் திறக்க முடியும். தினமும் நடந்த இடம். ஆடினாலும் பலகை இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நான்தானே ஆணி வேண்டாம் என்று சொன்னேன்.

பலகைகள் தெருவில் மிதந்து என்னிடம் வந்தன. தறிப் பலகை, அறுபது வருஷம் உட்கார்ந்து வழுவழுத்தது. தொட்டதுமே எங்கள் வீட்டுப் பலகை என்று தெரிந்துவிட்டது.

மதகண்டை நின்றுகொண்டிருந்த முனிசாமியை ஊர் பிடித்துக்கொண்டது. மதகைத் திறந்தவன் அவன், கரைக்குக் காவலும் அவன், தன் வயலுக்காகக் கரையை வெட்டியிருக்கிறான் என்று அவர்களே முடிவுகட்டி அடித்தார்கள். உங்கள் போலீஸ்காரர்கள் வந்து கொண்டுபோனார்கள். நான் அங்கேதான் நின்றேன். ஒன்றும் பேசவில்லை. அவன் என்னைப் பார்த்து, "லோகாக்காவுக்கு இப்பிடி ஆயிடுச்சேணா" என்று அழுதான். மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவன் பெண்சாதி பூவம்மாள் துக்கம் கேட்க வந்தாள். எல்லோரும் போனபிறகு பக்கத்தில் வந்து கேட்டாள். "நீ சொல்லுணா. அவுரு கரைய வெட்டுவாரா?"

"மழைம்மா. மழை பெரிசு. யாரை இன்னா சொல்றது" என்றேன்.

அவள் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நானும் ஆட்டினேன்.

ராஜகோபால் மறுநாள் மத்தியானம் வந்தான், கொள்ளி வைக்க. செவிலிமேடு போகிற பஸ்ஸில் வந்து பெரிய ரோட்டில் இறங்கி, உடைந்த கரையைச் சுற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தான். நல்ல துணி. எல்லாம் சேறு. இவ்வளவு சுலபமாக வரலாம் என்று நான் நினைத்ததே இல்லை. காரியம் முடிகிற வரைக்கும் இருந்தான். அந்த இரட்டைக் கதவைப் பார்த்து, "இது எதுக்கு நைனா?" என்று கேட்டான். காற்றுக்கு என்றேன். அவன் நேற்று ஊருக்குப் போனான். நான் இன்றைக்கு இங்கே வந்தேன்.

ஆக, கரையைச் சீவியது நான். மூட விடாமல் தடுத்தது நான். மூட்டையை எடுத்தது நான். குழி வெட்டியதும் நான். பூவம்மாளிடம் பொய் சொன்னதும் நான். முனிசாமியை இன்றைக்கே விட்டுவிட்டால் நல்லது. அவனுக்கு ஈளை இழுப்பு உண்டு, இந்தக் குளிர் ஆகாது. என்னை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். உட்கார்ந்தே பழகியவன்.

காரின் நம்பர் எனக்குத் தெரியாது ஐயா. ராஜகோபாலுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். அவனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவனைக் கூண்டில் நிறுத்தி, உனக்காகத்தானே உங்கப்பன் கரையை வெட்டினான் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்க முடியாது. அந்தக் காரைத் தை மாதமே விற்றுவிட்டதாக அவனே என்னிடம் சொன்னான். லோகாம்பாளிடம் நான் சொல்லவில்லை. நான் கரையில் மண்வெட்டி வைத்தது ஆடியில்.